எட்டுக் குளம்பு, ஒரு காபி

குதிரைக்குக் குளிராது!

டிசம்பர் மாத ஊட்டியில் ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா சகிதம் பல் டைப் அடிக்க நிற்கிறோமே, நம்மைப் பார்த்தால் அது சிரிக்கும். மைனஸ் 14 டிகிரியில், கணுக்கால் புதையும் பனியில், வெறுங்காலோடு நின்றபடி காய்ந்த புல்லைச் சாவகாசமாக மென்றுகொண்டிருக்கும். காரணம் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே குதிரைக்குத் தசை என்று கிட்டத்தட்ட ஒன்றும் கிடையாது. எலும்பு, தசைநார், தோல்... அவ்வளவுதான். குளம்புக்குள் ஓடும் ரத்தக் குழாய்களில் குறுக்குச் சந்துகள் வேறு உண்டு. ரொம்பக் குளிர்ந்தால் ரத்தம் மெயின் ரோட்டை விட்டு, சந்து வழியாகத் திரும்பிப் போய்விடும். காலும் உறையாது, உடம்புச் சூடும் வீணாகாது. ஆண்டவன் போட்ட பிளம்பிங்!

அப்படிப்பட்ட பிராணியைப் பனியில் தடுமாற வைப்பது எது தெரியுமா? அதன் காலில் நாம் அடித்து வைத்திருக்கும் இரும்பு. சாட்சாத் லாடம்தான் சார்!

பி.காம். படித்த எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த இடம், ஸ்விட்சர்லாந்தில் எங்கடீன் என்கிற பள்ளத்தாக்கு. அக்காவும் அத்தானும் சூரிக்கில் இருக்கிறார்கள். "ஒரு தடவை வந்துட்டுப் போடா" என்று அக்கா மூன்று வருஷமாகக் கூப்பிட்டு, கடைசியில் அத்தானே டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார். பிப்ரவரி மாதம். நம் ஊரில் அந்த அளவு பனியைப் பார்க்க வேண்டுமென்றால், கரன்ட் போய்ப் போய் வந்த பழைய ஃப்ரிட்ஜின் மேல் கதவைத் திறக்க வேண்டும்.

சூரிக்கிலிருந்து கூர் என்ற ஊர் வரை ஒரு ரயில். அங்கிருந்து செந்நிறக் குட்டி ரயில். 65 மீட்டர் உயரத்தில், ஆறு வளைவுகள் கொண்ட லாண்ட்வாஸர் கல் பாலத்தைத் தாண்டி நேராக ஒரு மலைச்சுவரின் வயிற்றுக்குள் நுழைகிறது. பாலம் கட்டி முடித்தது 1902-ல். 2008-ல் இந்தப் பாதைக்கே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள். நான் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். பத்து வருஷம் ஒரே ஊரில் இருந்தால் சொர்க்கத்திலும் தூக்கம் வரும் போலிருக்கிறது.

போய் இறங்கிய ஊர் செயின்ட் மோரிட்ஸ். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல். பணக்காரர்களின் குளிர்கால விலாசம். இந்த ஊர் பிழைத்ததே ஒரு பந்தயத்தால் என்று கதை சொல்வார்கள். 1864-ல் ஜோஹன்னஸ் பாட்ருட் என்ற ஹோட்டல்காரர், கோடையில் வந்து தங்கிய இங்கிலீஷ்காரர்களிடம், "குளிர்காலத்தில் வாருங்கள். பிடிக்கவில்லையென்றால் போகவர ஆகும் செலவு என்னுடையது" என்றாராம். வந்தவர்கள் ஈஸ்டர் வரை நகரவில்லையாம். காமர்ஸ் பாடப் புத்தகத்தில் சேர்க்க வேண்டிய மனுஷன்!

ஊருக்குக் கீழே ஒரு ஏரி. குளிர்காலத்தில் மொத்தமாக உறைந்துவிடும். உறைந்தால் நாம் என்ன செய்வோம்? தள்ளி நின்று போட்டோ எடுப்போம். இவர்கள் அதன் மேல் குதிரைப் பந்தயம் நடத்துகிறார்கள்! 1907-லிருந்து. 'ஒயிட் டர்ஃப்' என்று பெயர். பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியின் மேலேயே கூடாரம், பார்வையாளர் மாடம், பந்தயம் கட்டும் கவுன்ட்டர், தின்பண்டக் கடை எல்லாம் முளைத்துவிடும்.

"மாப்ளே, நாம நிக்கிறது தரை இல்ல. கீழ தண்ணி. ஞாபகம் இருக்கட்டும்" என்றார் அத்தான்.

"ஏன் அத்தான், இதை முதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு இட்லி குறைச்சுச் சாப்பிட்டிருப்பேனே!"

வேடிக்கைக்குச் சொன்னேனே தவிர, விஷயம் வேடிக்கை இல்லை. 2017 பிப்ரவரி 26-ம் தேதி இதே ஏரியில் ஒரு விபத்து நடந்தது. பனிக்கட்டியில் விரிசல் விட்டு, அதன் வழியே மேலே ஏறிய தண்ணீர் ஓடுபாதையைப் பலவீனமாக்கிவிட்டது. பாய்ந்து வந்த குதிரைகள் விழுந்தன. ஒரு குதிரை உயிரோடு எழவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த ஜாக்கி ஒருவருக்குத் தலையில் பலத்த காயம். அன்றைய மீதிப் பந்தயங்களை நிறுத்திவிட்டார்கள். குதிரையும் மனிதனும் பனியில் இறங்கினால், நடுவில் இருக்கும் அந்த நாலு குளம்பை நம்பித்தான் எல்லாம்.

இங்கே 'ஸ்கீயோரிங்' என்று ஒரு அயிட்டம் உண்டு. குதிரை மேல் ஆள் இருக்க மாட்டார். பின்னால் நீளமான வார்களைப் பிடித்துக்கொண்டு, பனிச்சறுக்குக் கட்டைகளில் நின்றபடி, குதிரை இழுக்கிற இழுப்புக்குப் பறந்து வருவார். 1928-ல் இந்த ஊரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸில் இதையும் ஒரு காட்சி விளையாட்டாக நடத்தினார்கள். குளம்பு உதைத்துத் தள்ளும் பனி அந்த ஆளின் முகத்தில் செங்கல் சூளையிலிருந்து கல் விழுவதுபோல விழுகிறது. மேனேஜரிடம் மெமோ வாங்குவதுகூட இதற்குத் தேவலாம்!

கூட்டம் தொப்பிகளையும் ஃபர் கோட்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண் ஓரமாகப் போனது. பந்தயம் முடிந்து வந்த குதிரை ஒன்றின் பின்னங்காலை ஒரு பையன் தன் தொடை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, கொக்கி மாதிரி ஒரு கருவியால் பரபரவென்று எதையோ சுரண்டி எடுத்தான். பொத்தென்று விழுந்தது ஒரு பனிக் கட்டி. அப்புறம் அடுத்த கால். லாடத்தில் குட்டிக் குட்டியாக இரும்பு முளைகள் துருத்திக்கொண்டிருந்தன. லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவில் கறுப்பாக ஏதோ ரப்பர். 'இது என்னடா புது டயர்?' என்று அத்தானைக் கேட்டேன். "நாளைக்கு ரோசெக் போறோம்ல, அங்க கேளு" என்றார்.

மறுநாள் பக்கத்து ஊரான பொன்ட்ரெஸினா. அங்கிருந்து ரோசெக் பள்ளத்தாக்குக்குள் மோட்டார் வாகனங்களில் உல்லாசப் பயணம் கிடையாது. நடக்கலாம், அல்லது குதிரை வண்டியில் போகலாம். பனிக்காலத்தில் சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கட்டைகள். சுமார் 7 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணம். இரண்டு பக்கமும் வெள்ளை போர்த்திய மரங்கள், எதிரே பெர்னினா மலைத் தொடரின் சிகரங்கள், கழுத்து மணிச் சத்தம். கட்டணத்தை நம் ரூபாய்க்கு மாற்றிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நடந்துதான் போவீர்கள்.

வண்டி ஓட்டியது அறுபது வயதை ஒட்டிய ஓர் அம்மாள். கம்பளித் தொப்பி, கன்னம் ஆப்பிள் மாதிரி சிவப்பு. இரண்டு கட்டுமஸ்தான பழுப்புக் குதிரைகள். 'ஃப்ரைபெர்கர்' என்ற ஜாதி. ஸ்விட்சர்லாந்தின் சொந்த ஜாதி என்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதானாம். குதிரைப் படையை 1972-ல் கலைக்க முடிவு செய்த அதே ஸ்விஸ் ராணுவம், மலைகளில் மூட்டை தூக்க இவற்றை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. (ஜீப் போகாத இடத்துக்குப் போகும். பெட்ரோல் விலை ஏறினாலும் கவலைப்படாது.)

பாதி வழியில் வண்டி நின்றது. அம்மாள் இறங்கினார். பயணிகள் எல்லாம் கேமராவை மலைக்குத் திருப்பினார்கள். அவர் மட்டும் தரையைப் பார்த்துக் குனிந்தார். குதிரையின் தோளிலிருந்து கையை மெதுவாகக் கீழே தடவிக்கொண்டே போய், 'ம்' என்றார். அது சொன்ன பேச்சுக் கேட்டுக் காலைத் தூக்கிக் கொடுத்தது. நம் ஊர்ச் சந்தையில் மாட்டுக்கு லாடம் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது அதிசயமாக இருக்கும். மாட்டைக் கயிறு போட்டுக் கட்டிச் சாய்த்து, பிளந்த குளம்பு என்பதால் இரண்டு பாதியாக லாடம் அடிப்பார்கள். இங்கே குதிரை நின்றபடி, நாம் பேங்க்கில் பாஸ் புக்கை நீட்டுகிற மாதிரி காலை நீட்டுகிறது!

நான் இறங்கிப் பக்கத்தில் போய் நின்றேன். அத்தான் ஜெர்மனில் கேட்டுச் சொல்ல, அம்மாள் கைவேலையை நிறுத்தாமல் பாடம் நடத்தினார். அதைத்தான் உங்களுக்கு நம் பாஷையில் தருகிறேன்.

குளம்பு என்பது நம் நகம் மாதிரி. மாதத்துக்கு 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை வளரும். வெளிச்சுவரில் உணர்ச்சி கிடையாது, அதனால்தான் ஆணி அடித்தாலும் வலிக்காது. அடிப்பக்கம் உள்ளங்கால். அதன் நடுவே ஆங்கில 'வி' எழுத்துபோல ரப்பர் மாதிரி ஒரு பகுதி. இதற்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயர் 'ஃப்ராக்', அதாவது தவளை! குதிரைக் காலில் தவளை எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அந்தத் தவளைதான் ஷாக் அப்ஸார்பர். ஒவ்வொரு அடிக்கும் அது அமுங்கி, ரத்தத்தை மேலே தள்ளவும் உதவுகிறது.

லாடம் இல்லாத குளம்பு ஒவ்வொரு அடிக்கும் லேசாக விரிந்து சுருங்கும். உள்ளே புகுந்த பனி தானாக உதிர்ந்துவிடும். லாடம் அடித்தாலோ, குளம்பின் அடியில் இரும்பு விளிம்பு வைத்த ஒரு கிண்ணம் தயார். பனி அதற்குள் அடைகிறது. உள்ளங்காலின் இளஞ்சூட்டில் கொஞ்சம் உருகுகிறது. பக்கத்தில் ஜில்லென்ற இரும்பு, பட்டவுடன் மறுபடி உறைகிறது. அடுத்த அடியில் இன்னொரு அடுக்கு. பத்து நிமிஷத்தில் காலுக்கடியில் கல் மாதிரி ஒரு கொழுக்கட்டை! நாலு காலுக்கும் நாலு கொழுக்கட்டை. 500 கிலோ பிராணி உருண்டைகளின் மேல் நடக்கிறது. கணு மடங்கும், தசைநார் இழுத்துக்கொள்ளும், உள்ளங்கால் கன்றிப்போகும், வழுக்கி விழுந்தால் எலும்பே முறியும். குதிரைக்குக் கால் எலும்பு முறிவது என்றால், பல சமயம் அதோடு கதை முடிந்தது.

"அப்படின்னா மைனஸ் இருபதில் ரொம்பக் கஷ்டம்தான்" என்றேன்.

அம்மாள் தலையை ஆட்டினார். மைனஸ் இருபதில் பனி மாவு மாதிரி உதிருமாம். பிடிக்காதாம். பூஜ்யத்தை ஒட்டி, வெயில் பட்டு ஈரமான பனிதான் எமன். அன்று காலை மைனஸ் 14, மதியம் வெயில் ஏறிவிட்டது. அதனால்தான் வண்டி வழியில் நின்றது.

சரி, என்னதான் வழி? முதல் வழி இலவசம்: வேலையில்லாத குதிரைக்குக் குளிர்காலம் முழுக்க லாடத்தைக் கழற்றிவிடுவது. ஆனால் ஐஸ் பிடித்த ரோட்டில் வண்டி இழுக்கிற குதிரைக்கு இது சரிப்படாது. பிடிமானம் வேண்டும். அதற்குத்தான் லாடத்தில் அந்த முளைகள். முனையில் டங்ஸ்டன் கார்பைடு. கான்கிரீட் சுவரில் ஓட்டை போடும் ட்ரில் முனையில் இருக்குமே, அதே சமாசாரம். அதிலும் ஒரு சிக்கல். பிடிமானம் ரொம்ப அதிகமானால் கால் தரையில் ஆணி அடித்த மாதிரி நிற்கும், உடம்பு மட்டும் முன்னால் போகும், மூட்டு திருகிக்கொள்ளும். குளம்பு துளி சறுக்க வேண்டும், நிறையச் சறுக்கக் கூடாது. (சம்சார வாழ்க்கை மாதிரிதான்!) தவிர, முளை வைத்த காலால் தன் இன்னொரு காலையே மிதித்துக் கிழித்துக்கொள்ளவும் கூடும்.

அந்தக் கறுப்பு ரப்பர்? அதன் நடுவில் அரைப் பந்து மாதிரி ஒரு குமிழ். கால் ஊன்றும்போது அமுங்கும், தூக்கும்போது புடைத்துக்கொண்டு உள்ளே அடைந்த பனியை 'டப்'பென்று வெளியே தள்ளும். எவ்வளவு எளிமையான ஐடியா பாருங்கள். ரப்பர் இல்லாதவர்கள் உள்ளங்காலில் வாசலின் தடவுவார்கள். இட்லித் தட்டில் எண்ணெய் தடவுகிறோமே, அதே தத்துவம். என்ன, கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

இதெல்லாம் இருந்தாலும் கொக்கியை யாரும் தூக்கிப் போடுவதில்லை. வேலைக்கு முன்னும் பின்னும், சில நாள் நடுவிலும், காலைத் தூக்கிக் குதிகால் பக்கத்திலிருந்து நுனி நோக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். கல் மாதிரி இறுகியிருந்தால் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். லாயத்தில் படுக்கை காய்ந்திருக்க வேண்டும். ஈரத்திலும் மூத்திரத்திலும் நின்றால் தவளை அழுகிக் கறுத்து நாறும். சேறு உறைந்து மேடுபள்ளமாக இறுகிய தரையில் ஓட விடக் கூடாது. அது கருங்கல் ஜல்லி மேல் செருப்பில்லாமல் ஓடுவது மாதிரி. குளிர்காலத்தில் குளம்பு மெதுவாக வளரும்தான். அதற்காக, 'அடுத்த மாதம் பார்த்துக்கலாம்' என்று லாடக்காரரைத் தள்ளிப்போடவும் கூடாது.

லாடக்காரர் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஸ்விட்சர்லாந்தில் லாடம் அடிக்கும் தொழிலைக் கற்றுச் சான்றிதழ் வாங்க எத்தனை வருஷம் தெரியுமா? நாலு! என் பி.காமுக்கு மூன்று. டெபிட்டையும் கிரெடிட்டையும் மாற்றிப் போட்டால் ஒரு ரப்பரில் அழித்துவிடலாம். ஆணி கால் அங்குலம் உள்ளே போனால் அழிக்க முடியாது. நியாயமான கணக்குத்தான்.

குளம்பை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்தில் பெரிய சாட்சி இருக்கிறது. 1812-ல் நெப்போலியன் நான்கு லட்சத்துக்கும் அதிகமான ஆட்களோடு ரஷ்யா மேல் படையெடுத்தான். அவனுடைய குதிரை லாயங்களின் தலைவர் கோலங்கூர். இவர் தன் பொறுப்பில் இருந்த அரண்மனைக் குதிரைகளுக்கு மட்டும் பனிக்கேற்ற முளை வைத்த லாடத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார். மற்ற படைப்பிரிவுகளில் அதை யாரும் செய்யவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஐஸ். பீரங்கி இழுத்த குதிரைகள் மேடேற முடியாமல் வழுக்கி விழுந்தன. பசியில் கிடந்தவற்றால் மறுபடி எழ முடியவில்லை. பீரங்கிகளை வழியிலேயே விட்டுவிட்டு ஓடினார்கள். தோல்விக்குக் காரணம் நிறைய. பசி, நோய், தூரம் எல்லாம் உண்டு. ஆனால் பனி லாடம் இல்லாமல் போனதும் ஒரு பெரிய காரணம் என்று கோலங்கூர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். ஐரோப்பாவையே ஆட்டிவைத்த சக்கரவர்த்தி, குதிரையின் காலைக் குனிந்து பார்க்கவில்லை!

இத்தனைக்கும் அவனுக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கிரேக்கத்துக்காரர் ஜெனஃபன் சொல்லியாயிற்று. குதிரை வாங்கும்போது முதலில் காலைப் பார், அஸ்திவாரம் சரியில்லாத வீட்டுக்கு மேல்மாடி அழகு எதற்கு என்கிற பொருளில். வீடு வாங்க லோன் போட்டிருக்கும் நண்பர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

பள்ளத்தாக்கின் கோடியில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், ஒரு ஹோட்டல். வண்டி நின்றதும் பயணிகள் எல்லாரும் சூடாக எதையாவது குடிக்க உள்ளே ஓடினார்கள். அம்மாள் இரண்டு குதிரைகளுக்கும் கம்பளி போர்த்தினார். பிறகு ஒன்று, இரண்டு என்று எட்டுக் குளம்பையும் தூக்கிப் பார்த்தார். நாலாவதில் ஓர் உருண்டை. ஏழாவதில் ஒரு சின்னக் கூழாங்கல். அதை எடுத்து என் கையில் வைத்தார். சுண்டல் கடலை அளவுதான் இருந்தது.

"ஒரு நாள் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் ஆகாது" என்றார். "ஒன்றும் ஆகவில்லை என்றுதான் மறுநாளும் விடத் தோன்றும்."

எனக்கு எங்கள் பழைய ஆபீஸ் வாட்ச்மேன் ஞாபகம் வந்தார். ராத்திரி எல்லாரும் போன பிறகு மாடி மாடியாக ஏறி, எல்லா சுவிட்சையும் தொட்டுப் பார்ப்பார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தீ விபத்துகூட நடக்கவில்லை. நடக்காத விபத்துக்கு யார் இன்க்ரிமென்ட் கொடுக்கிறார்கள்? பேலன்ஸ் ஷீட்டில் அதற்கு ஒரு பத்தியே கிடையாது. உங்கள் ஆபீஸிலும் அப்படி ஒருவர் இருப்பார். திங்கள்கிழமை போனதும் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

எங்கடீன் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: பிப்ரவரி ஞாயிறுகளில் போனால் ஏரிப் பந்தயத்தையும் பார்க்கலாம், ஆனால் ஏரியின் பனிக்கட்டி சரியாக இருந்தால்தான் நடத்துவார்கள். கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். குதிரைக்குப் பின்பக்கம் போய் நிற்காதீர்கள். பாதி வழியில் வண்டியை நிறுத்தி ஓட்டுநர் குனிந்தால், தயவுசெய்து கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அந்த ஐந்து நிமிஷமும் டிக்கெட்டில் சேர்ந்ததுதான்.

எட்டாவது குளம்பையும் இறக்கி வைத்துவிட்டு, அம்மாள் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அத்தான் அவருக்கும் சேர்த்துச் சொல்லியிருந்த காபி மேஜையில் ஆறிப் போயிருந்தது. அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்றார்.